காதர் அண்ணன் ஓட்டிய வண்டி

போன வாரம் வீட்டு ஜன்னல்களுக்குச் சாயம் பூச வந்தவர், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். வாடை வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டேன். எனக்குத் தலைவலி என்று மனைவி நினைத்துக்கொண்டாள். உங்களிடம் மறைப்பானேன், அந்த வாடையோடு ஒரு மனிதரின் முகமும் வந்துவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். இருபத்தாறு வயது. சட்டைப் பையில் ஸ்பேனர் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டுதான் நடப்பேன். கோயிலுக்கும் அப்படியே போனதாக நண்பர்கள் கேலி செய்வார்கள். பொய்யில்லை, ஒரு தைப்பூசத்துக்குப் போனேன்.

பினாங்கு வீதிச் செட்டியார் ஒருவரின் பழைய கார் எங்களிடம் வந்தது. ஓடும்போது குறை சொல்ல முடியாது. நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால்தான், குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல உதறும். அதை ஓட்டி வந்தவர் காதர் அண்ணன். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

"உஸ்ஸுன்னு எங்கேயோ காத்து இழுக்குது தம்பி. அந்தப் பக்கம் கொஞ்சம் பாரு லா," என்றார், பினாங்குப் பேச்சு வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து.

"ஓட்டுறது ஒங்க வேல, பாக்குறது என் வேலண்ணே," என்றேன். பட்டறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பிளக்குகளை மாற்றினேன். உதறல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் செட்டியாரே வந்துவிட்டார்.

"ஒனக்கு இந்த வேல தெரியுமா, தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, டிரைவர் இருக்கைக்கு அடியில் கிடந்த துணி என் கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய் வாடை. மட்கார்டில் ஒட்டும் தாரைத் துடைக்கக் காதர் அண்ணன் வைத்திருந்த துணி அது. எனக்கும் தெரியும். இருந்தும் வாய் சொல்லிவிட்டது: "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கும் போல, செட்டியாரே."

டிரைவர் பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டு, குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் கழற்றிய பிளக்குகள் வெளிறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கரி படிந்திருக்கும். அதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

காதர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே சொல்லு. நான் அப்படிச் செய்வேனா?"

"எனக்கென்னண்ணே தெரியும்," என்றேன்.

செட்டியார் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை தொட்டியைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினேன். வண்டி அதேபோல் உதறியது. அப்போதுதான் காதை வைத்துக் கேட்டேன். உஸ் என்ற சத்தம். கார்புரேட்டர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் எஞ்சின் சட்டென்று அடங்கி, சீராக ஓடியது. இடையில் இருந்த கேஸ்கெட் அட்டை கிழிந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வெட்டிப் போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மதியம் செட்டியார் வந்தார். "பாத்தியா, அவன் போனதும் வண்டி சரியாயிருச்சு," என்றார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

சில மாதம் கழித்துத் துறைமுகத்தில் காதர் அண்ணனைப் பார்த்தேன். முதுகில் அரிசி மூட்டை. ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அவரே மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.

"வண்டி இப்ப நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுதுண்ணே."

"நல்ல வண்டி லா அது," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். பின்னால் நாலடி நடந்தேன். நின்றுவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் துணிந்தபோது இரண்டு வருஷம் ஓடியிருந்தது. செட்டியார் காரை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறியிருந்தார். துறைமுகத்துக்குப் போய்க் காதர் அண்ணனை விசாரித்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர், "எந்தக் காதர்? இங்க பத்து காதர் இருக்காங்க லா. அப்பா பேர் என்ன, எந்த ஊர்க்காரர்?" என்றார்.

நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது அந்தப் பட்டறையும் இல்லை, மூட்டை சுமந்த அந்த ஆட்களும் இல்லை. தெரிந்தவர் யாரிடமாவது அவரைப் பற்றிக் கேட்கலாமென்றாலும், எனக்குத் தெரிந்தது பாதிப் பெயர்தான்.