பன்னிரண்டு விநாடி நெருப்பு

இரண்டாயிரத்து நான்கில் சென்னையில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பக்தித் தொடருக்காகக் குடிசை பற்றி எரியும் காட்சியை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தமே பன்னிரண்டு விநாடி. குடிசையைக் கம்ப்யூட்டரில் கட்ட ஒரு நாள் போதுமாக இருந்தது. நெருப்பு மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. ஆயிரக்கணக்கான துகள்களை மேலே பறக்கவிட்டு, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும் கொடுத்துப் பார்த்தேன். இயக்குநர் ஒரு தடவைதான் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கேசரி கிளறின மாதிரி இருக்குது?"

முதலாளி ஒரு வீடியோ கேமராவை என் கையில் கொடுத்தார். "நெஜ நெருப்பைப் போய் எடுத்துகினு வாங்க. அதைப் பார்த்துப் பண்ணாதான் வரும்."

நான் தீக்குச்சி உரசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது அவருக்குத் தெரியாது. ஹாஸ்டலில் சாப்பிடுகிறவளுக்கு அடுப்புப் பக்கம் போகும் தேவையே இல்லை. கடைத்தெருவில் பட்டு நிஜமா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்துவார்கள். முடி கருகுவது போன்ற அந்த வாடைக்கே நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

அது நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. அன்று மத்தியானம் அப்பாவும் அம்மாவும் நெய்துகொண்டிருந்தார்கள். அக்கா சமையலறையில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு பின்வாசலில் கால் வைத்தேன். ஸ்டவ் புஸ்ஸென்று பீறியது. அக்காவின் நைலான் தாவணி பிடித்துக்கொண்டது.

என் இடுப்பில் நிறைகுடம். நான் ஊற்றவில்லை. கத்தவுமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; கால் இருந்த இடத்தைவிட்டுப் பெயரவில்லை. கருகும் வாடை வந்ததும் அம்மாதான் ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினாள். அக்கா வேலூரில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடது கையும் கழுத்தும் சுருங்கிப்போயின. கேட்டவர்களிடமெல்லாம், "நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு" என்றே சொன்னேன்.

அந்த அக்காவின் நிலத்துக்குத்தான் கேமராவோடு போனேன். அவளைச் சந்தவாசல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. கரும்பு வெட்டு முடிந்து, காய்ந்த இலைச் சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மாமா ஆலைக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார்.

"காத்து இல்ல. இப்பவே கொளுத்திடலாம்" என்று அக்கா தீப்பெட்டியை எடுத்தாள். சுருங்கிய கையால் பெட்டியைப் பிடித்து, வலது கையால் உரசினாள்.

சோகை முதலில் படபடவென்று பொரிந்தது. பிறகு ஒரேயடியாக ஆள் உயரத்துக்கு எழும்பியது. இருபதடி தள்ளி ஸ்டாண்டில் கேமராவை வைத்து, கண்ணை வ்யூஃபைண்டரிலேயே வைத்துக்கொண்டேன். சின்னப் படமாகத் தெரிந்தவரை தாங்க முடிந்தது. திடீரென்று காற்று என் பக்கம் திரும்பியது. முகத்தில் அனல் அடித்ததும் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வரப்பில் இடறி விழுந்து திரும்பிப் பார்த்தால், அக்கா ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டீ ஓடற? சுத்தியும் சோகையை வழிச்சி வுட்டிருக்கேன். தாண்டாது."

வீட்டுக்கு வந்ததும் சிடியில் இருந்த என் குடிசையை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தாள்.

"நெருப்பு பரவால்ல. ஆனா பின்னாடி இருக்கற மரம் அசையாம நிக்குதே?"

"மரம் எதுக்கு அசையணும்?"

"அனல்ல எல்லாமே ஆடும்டீ. அன்னிக்கி நீ வாசப்படியில கொடத்தோட நின்னுகினு இருந்தே இல்ல? தண்ணிக்கு அடியில நிக்கற மாதிரி நெளிஞ்ச."

டிவியில் குடிசை மறுபடி முதலிலிருந்து எரிய ஆரம்பித்தது. பதினோரு வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"பயந்துட்ட. நானுந்தான் கத்த வாயே தொறக்கல."

"எம்மேல கோவம் இல்லியா?"

முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். "இருந்திச்சி. பொண்ணு பாக்க வந்தவங்க கையைப் பாத்துட்டு எழுந்து போனப்பல்லாம் இருந்திச்சி. இப்ப இருக்குதா இல்லியான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சென்னைக்குத் திரும்பி, அந்த வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி. தீக்குப் பின்னால் தென்னைமரங்கள் ரப்பர் போல வளைந்தன. என் காட்சியில் நெருப்புக்குப் பின்னால் இருந்த மரம், வேலி எல்லாவற்றையும் அதேபோல நெளிய வைத்தேன். செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவ வேண்டியிருந்தது. இயக்குநர் பார்த்துவிட்டு, "இதும்மா!" என்றார். அதன்பிறகு ஸ்டுடியோவுக்கு வந்த நெருப்பெல்லாம் என் மேஜைக்கே வந்தது. சிதை, யாகம், காட்டுத்தீ எல்லாம் செய்தேன். பழகிவிடும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முதல் நாள் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த பொங்கலுக்கு ஆரணி போனபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை நெருப்பைவிடப் பயமாக இருந்தது.

"கொடத்துல தண்ணி இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்திச்சிம்மா" என்றேன்.