கழுத்து ஏறுது, கை இறங்குது

என் கொழுந்தன் தையல்காரன். பிறந்ததிலிருந்தே ஒல்லி, அதனால் எல்லோருக்கும் அவன் ‘குச்சி’தான். ஊராருக்கெல்லாம் கச்சிதமாகத் தைப்பான். அவன் போட்ட சட்டை மட்டும் கொடியில் காய்வது மாதிரித் தொங்கும்.

முதலில் வாயில்தான் புண் வந்தது. சூடு என்று விட்டுவிட்டோம். பிறகு முதுகிலும் மார்பிலும் நீர் கோத்த கொப்புளங்கள். சட்டை உரசினாலே தோல் துணியோடு உரிந்து வந்தது. பூசாத களிம்பு இல்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டரம்மா, துளித் தோலை எடுத்துச் சோதித்து ஒரு பெயர் சொன்னார். என் வாயில் அது நுழையவே இல்லை. எங்கோ ஒருத்தருக்குத்தான் வருமாம்.

“ஒட்டாதும்மா, பயப்படாதீங்க. உடம்பைக் காக்கிற சக்தியே தன் தோலை எதிரின்னு நினைச்சு அடிக்குது” என்றார்.

அவர் கொடுத்த மாத்திரையில் கொப்புளம் அடங்கியது. கூடவே முகம் உருண்டது. கடைக்கு வருகிறவர்களெல்லாம், “என்னப்பா, குச்சி தூணாயிட்டே! யார் வீட்டுச் சாப்பாடு?” என்று கேட்க, இவனுக்குத் தலைகால் புரியவில்லை. என் சமையலுக்கு வராத கன்னம் மாத்திரைக்கு வந்துவிட்டது!

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சொன்னார்: “இதே அளவுல மாத்திரையை ஓட்ட முடியாது. எலும்பு தேயும், சதை கரையும், சர்க்கரை ஏறும். நரம்பு வழியா சொட்டு சொட்டா ஏத்துற மருந்து இருக்கு. பலன் தெரிய மாசக்கணக்காகலாம். காய்ச்சல் வந்தா உடனே ஓடி வரணும். ஆனா அந்த மருந்து பிடிச்சுட்டா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிடலாம்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்துவிட்டான்.

வீட்டில் பிடித்தேன். “என்னடா யோசனை? கன்னத்துக்காகத்தானே?”

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். “இத்தனை வருஷம் சட்டைதான் என்னைப் போட்டுக்கிட்டிருந்துச்சு அண்ணி. இப்பதான் நான் சட்டையைப் போட்டிருக்கேன்.”

அடிக்கக் கை ஓங்கினாலும், மனசு கேட்கவில்லை. ஆனால் மேசையைப் பிடிக்காமல் அவனால் எழ முடியவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். மறுநாள் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

“உடம்பு தேறிடுச்சுல்ல? உனக்கு ஒரு புதுச் சட்டை தை. அளவெடுக்காம நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.”

“வம்பு பண்ணாதீங்க அண்ணி. கடைக்கு ஆள் வர்ற நேரம்.”

“வரட்டும். சொல்லி நியாயம் கேக்கிறேன்.”

டேப்பை நான் சுற்றிப் பிடித்தேன், எண்ணை அவன் படித்தான். கழுத்து ஏறியிருந்தது. வயிறும்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். மேல்கையில் டேப் சுற்றியதும் சிரிப்பு நின்றது. என்னிடமிருந்து பிடுங்கித் தானே சுற்றிப் பார்த்தான். தொடையிலும் சுற்றிப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த தன் பழைய அளவுக்கு வெட்டிய அட்டையை எடுத்து ஒத்துப் பார்த்தான்.

“கழுத்து ஏறுது, கை இறங்குது” என்று முணுமுணுத்தான். “சதை வச்சா எல்லா இடத்துலயும்தானே வைக்கணும் அண்ணி?”

“டாக்டரம்மா வாயாலே சொன்னா ஏறலை. டேப்பு சொன்னா ஏறுதா?”

மருந்து ஏற்றிக்கொண்டான். பலன் தெரியும்வரை வீடே அவன் முதுகைப் பார்த்தபடிதான் இருந்தது. புதுக் கொப்புளம் நின்றது. மாத்திரை குறைந்தது. கன்னமும் போயிற்று. “என்னப்பா இளைச்சுட்டே?” என்று கேட்பவர்களிடம், “இதுதான் என் சொந்த அளவு” என்கிறான். இப்போது கையை ஊன்றாமலே எழுகிறான்.

சட்டைகளையெல்லாம் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்துவிட்டான். ஆனால் மிச்சத் துணியை வெட்டவில்லை. நோய் மறுபடி தலைகாட்டலாம், மாத்திரையும் கூடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே, அந்தப் பயம்.

“வெட்டுடா.”

“இருக்கட்டும் அண்ணி.”

சரி, இருக்கட்டும். அவன் பயம் போகும்வரை கத்தரிக்கோல் என் மடியிலேயே இருக்கும்.