அவன் பெயரைச் சொல்ல ஓரிடம்

நான் இப்போது இருக்கும் ஊரில் ஒருமுறை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அது வேண்டாம்தான். எங்கள் சங்கரன்கோவிலில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்று முதலில் சொல்வதுதான் மரியாதை. கேட்டவரும் அதைக் காதில் வாங்காமல் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், இப்படி வேண்டாம் சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்த காலத்தில்தான், ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தின் பின்னறையில் வட்டமாகப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். பக்கத்தில் இருந்த மொய்ரா என்ற அறுபது வயதுப் பெண், “உன்னைக் கட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். “பரவாயில்லை, வேண்டாம்” என்றேன் ஊர்ப் பழக்கத்தில். அவர் தலையசைத்துவிட்டுத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். டிஷ்யூ பெட்டி மட்டும் என் பக்கம் நகர்ந்து வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு இங்கே ‘பெரீவ்மென்ட் க்ரூப்’ என்று பெயர். பறிகொடுத்தவர்கள் கூடிப் பேசும் இடம். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. மனைவியை இழந்த ஈயன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்தான் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, எல்லோரும் வந்ததும் கதவைச் சாத்துவார். விருப்பமுள்ளவர் பேசலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். வார்டில் என்னோடு வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் போனேன். என் தம்பி கோமதிநாயகம் போய்ச் சேர்ந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. சிவகிரியில் கபடி ஆடிவிட்டு பைக்கில் திரும்பும்போது வளைவில் வண்டி சறுக்கிப் பனைமரத்தில் மோதியது. விமான டிக்கெட் கிடைத்து நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் போகவில்லை. அவன் எரிவதை நான் ஃபோனில்தான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் துக்கத்துக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். வாசலில் நிற்பவள் யார் எவர் என்று பார்க்காமல் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அம்மாவை அப்படித் தெருப் பெண்கள் எல்லோரும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டார்கள் என்று அத்தை சொன்னாள். ஆனால் அதெல்லாம் கருமாதி வரைக்கும்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் தப்பித் தவறிக்கூட அவன் பெயரை எடுக்கவில்லை. ஆற ஆரம்பித்த புண்ணைக் கிளற வேண்டாமே என்கிற நல்லெண்ணம்தான். அப்பாவோ ஆரம்பத்திலிருந்தே பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த ஆண்களோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கருமாதி முடிந்த மறுநாளே பூ மார்க்கெட்டுக்குப் போய்க் கமிஷன் கடையைத் திறந்துவிட்டார். நான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பிச்சி என்ன விலை, மல்லி வரத்து எப்படி என்று பேசுவார். தம்பி பேச்சு வந்தால் ஃபோன் அம்மா கைக்குப் போய்விடும்.

டண்டீயில் அந்த அறையில் என் தம்பி பெயரைச் சொல்ல எல்லோரும் பாடுபட்டார்கள். “கோ-மாட்டி-நா…” என்று ஈயன் தொடங்கித் தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முயல்வார். யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அவனைப் பற்றிக் கேட்டார்கள். ஊரில் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் சொல்லாத பெயரை, அவன் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மொய்ரா மட்டும் வெகுநாள் பேசவே இல்லை. ஒரு சனிக்கிழமை, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் இங்கே வரலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காரை ஓட்டியது என் மகன். அவனோடு போன பெண்ணும் செத்துப்போனாள். அவளுடைய அம்மா இதே ஊரில்தான் இருக்கிறார். கடையில் அவரைப் பார்த்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன். எனக்கு அழ உரிமை உண்டா?”

சிவகிரியிலிருந்து திரும்பிய அன்று பைக்கை ஓட்டியவனும் என் தம்பிதான். பின்னால் உட்கார்ந்திருந்த காளிராஜும் போய்விட்டான். குருவிகுளம் பக்கத்துப் பையன். காலேஜிலிருந்தே தம்பியின் கூட்டாளி. எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிடுவான். அப்பா ஏன் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார் என்பது, மொய்ரா தலைகுனிந்திருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்று நான்தான் அவரைக் கேட்காமலே போய்க் கட்டிக்கொண்டேன்.

தம்பியின் முதல் திதிக்கு ஊருக்குப் போனேன். வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய மத்தியானத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மொய்ராவைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்டயா இதையெல்லாம் சொல்லுதாவ?”

“ஆமாப்பா. தெரியாதவங்கங்கதாலதான் சொல்ல முடியுது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “நம்ம பய தனியாவா போனான்? இன்னொருத்தன் பிள்ளையையும்லா சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுவேன், மக்கா?” என்றார்.

“காளிராஜ் வீட்டுக்குப் போவோமாப்பா?”

“அடிச்சு வெரட்டுனா?”

“வாங்கிக்கிட்டு வருவோம்.”

மறுநாள் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். காளிராஜின் அப்பா அய்யாச்சாமி மானாவாரிக் காட்டோரம் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “வாங்க அண்ணாச்சி” என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். வாசலில் நின்ற அவர் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தார். கட்டிலில் உட்காராமல் அப்பா நின்றார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. கைகள் மட்டும் கும்பிட்டபடி இருந்தன.

“கைய எறக்குங்க அண்ணாச்சி” என்றார் அய்யாச்சாமி. “உங்க பய சாவுக்கு நான் வந்திருக்கணும். என் பயலத் தூக்கிட்டுச் சுடுகாட்டுல நின்னேன், வர முடியல.”

அப்பா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழும் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. இருமல் மாதிரி இருந்தது. அய்யாச்சாமி பக்கத்தில் குந்தி, அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

“கோவம் இல்லன்னு சொன்னாப் பொய்யி. இருக்கு. ஆனா அத வச்சுக்கிட்டு எங்கன போயி ஒக்கார? என் பயலப் பத்திப் பேச ஊர்ல ஆளில்ல அண்ணாச்சி. பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதானுவ. நீங்களாச்சும் செத்த நேரம் இருங்க.”

இருந்தோம். வெயில் தாழும்வரை இரண்டு பேரும் பையன்களைப் பற்றிப் பேசினார்கள். தோற்ற ஆட்டத்தையெல்லாம் ஜெயித்ததாக வீட்டில் அளந்துவிட்டதை, ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு திரிந்ததை. நடுவே இருவரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் திகைத்து நிறுத்தினார்கள். அந்த அம்மா கடைசிவரை வெளியே வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். இன்றுவரை அவர் எங்களோடு பேசியதில்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

நான் டண்டீ திரும்பிய பிறகு, சனிக்கிழமை மத்தியானங்களில் அய்யாச்சாமி சங்கரன்கோவிலுக்கு வரத் தொடங்கினார். வியாபாரம் ஓய்ந்து காலிக் கூடைகள் மட்டும் கிடக்கும் அப்பாவின் கடையில் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு, மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் சேர்ந்துகொண்டார். அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. அம்மாதான் ‘அழுமூஞ்சிக் கச்சேரி’ என்கிறாள். சொல்லிவிட்டு ஃபிளாஸ்கில் டீயும் போட்டுக் கொடுத்தனுப்புகிறாள்.

இங்கே சனிக்கிழமை காலை என்றால் அங்கே மத்தியானம் தாண்டிய நேரம். போன வாரம் நூலக வாசலில் காரை நிறுத்தியிருந்தபோது அப்பா கூப்பிட்டார். “ஆளு வந்துட்டாவ மக்கா, பொறவு பேசுதேன்” என்றவர், ஃபோனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோயில் பக்கம் திரும்பும் பஸ்ஸின் ஹாரன், யாரோ டீ ஆற்றும் சத்தம், அய்யாச்சாமி எதற்கோ சண்டை பிடிப்பது எல்லாம் கேட்டது. கார்க் கண்ணாடியில் பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. மொய்ரா நூலகக் கதவைத் திறந்து பிடித்தபடி எனக்காகக் குளிரில் நின்றார். அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. என் குரல் அங்கே போகாமல் அடைத்துவிட்டு, அவர்கள் குரலைத் தணித்து, ஃபோனைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஈயன் கதவைச் சாத்திவிட்டு, யார் தொடங்குகிறீர்கள் என்று கேட்டார். என் நெஞ்சருகே, எனக்கு மட்டும் கேட்கும்படி, சங்கரன்கோவிலில் அப்பா சிரித்தார்.