நான்கு ரப்பர் பாதங்கள்

காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, ரெக்கார்டு பிளேயரைத் தாங்கும் கருங்கல் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார். "அப்படியே நில்லுங்க. லாரி போகுது, போயிடட்டும்." தெருவில் லாரி வந்ததே எனக்குத் தெரியாது.

குடியிருப்பில் இவருக்குத் தராசம்மா என்று பெயர். நான் எதிர்வீடு. மருந்துத் தொழிற்சாலையின் எடை அறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அன்றைய எடையெல்லாம் மறுபடி முதலிலிருந்து. "ஆடாத கட்டடமே கிடையாதுங்க. நமக்குத்தான் உறைக்கறதில்ல."

பிளேயர் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் போனபின் அவர் மகன் வேனில் கொண்டுவந்து இறக்கினான். "வேணுமா அத்தை? இல்லேன்னா பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடறேன்." கூடவே கல்பலகையும், அதிர்வு ஏறாமலிருக்க அதன் அடியில் வைக்கும் நான்கு ரப்பர் பாதங்களும் வந்தன. உலோக உறை போட்ட, கனத்த பாதங்கள். அண்ணன் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை.

சிறுவயதில் அதெல்லாம் ஏது? அம்மா மாடிப்படி இறங்கினாலே ஊசி துள்ளுமாம். "பாட்டு முடியறவரைக்கும் மேலயே இரும்மா!" என்று அண்ணன் கத்துவார். அம்மா துணிக்கூடையோடு நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். "கோபமெல்லாம் இல்ல. அவங்களுக்கும் கேக்கணும்ல" என்று சொல்லும்போது தராசம்மா அந்தப் படியைப் பார்ப்பவர்போல் சுவரைப் பார்க்கிறார்.

போன மாதம் மேல்வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு வந்தார்கள். வாஷிங் மெஷினும் வந்தது. அது துணி பிழியத் தொடங்கினால் இங்கே ஊசி நடுங்கும். ஒருநாள் துள்ளி விழுந்து, அண்ணனின் பிரியமான இசைத்தட்டில் நீளமாக ஒரு கீறல். அதைப் பார்த்ததும் அவர் செருப்பை மாட்டினார். இன்றைக்கு ரணகளம்தான் என்று நானும் பின்னால் ஏறினேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தமா இருக்கா ஆன்ட்டி? குழந்தைத் துணி, தினம் போட வேண்டியிருக்கு..."

தராசம்மா நேராக உள்ளே போனார். ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தொட்டார், தரையைத் தொட்டார், தொட்டில் கம்பியைத் தொட்டார். "இது ஓடறப்பல்லாம் புள்ள முழிச்சுக்குதா?"

"ஆமா ஆன்ட்டி! பகல்ல அரைமணி தூங்கினா பெரிசு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பி சொல்லுதே."

கீழே போனவர் அண்ணனின் நான்கு பாதங்களோடு திரும்பி வந்தார். "கல்லையே தாங்கினது, இதைத் தாங்காதா?" கணவன் மெஷினைச் சாய்த்துப் பிடிக்க, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றாகச் செருகினார். குழந்தை தூங்கியதும் மறுபடி ஓடவிட்டார்கள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் ஞாபகமா இருந்ததாச்சே?"

"ஞாபகத்துக்கு நான் இருக்கேன்ல?"

இப்போது கல்லுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறார். நடுவில் ஒரு சில்லு கார்க். ஊசி துள்ளுவதில்லை, ஆனால் தாளத்தின் அடிநாதம் மழுங்கிக் கேட்கிறது. "கொஞ்சம் மந்தம்தான். பரவால்ல, அண்ணனுக்கும் கடைசில காது மந்தம்தானே."

நேற்று என்னையும் கேட்க அழைத்தார். ஊசியை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் மடக்கிக்கொண்டார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.