விட்டுப் படித்த பக்கம்

பேகம்பூர் தோல் ஷாப்பில் இருபது வருஷம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நின்றதில், நூர் முகமதுவுக்கு முழங்கால் வரை செம்பழுப்பேறியிருந்தது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் தொழிலாளர் சங்கப் படிப்பகத்துப் பெஞ்சில் தானாகப் படித்தது. எழுத்தறியாத கூட்டாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

1959இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பதினெட்டாம் நாள், அடுப்பெரியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் படிப்பகத்தில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நிமிர்த்த, மெக்சிகோ சரித்திரத்தைப் பிரித்தார். பிரெஞ்சுக்காரன் துப்பாக்கி முனையில் அங்கே ஓர் அந்நியச் சக்கரவர்த்தியை உட்காரவைத்தான். 1866இல் மியாவட்லான் என்ற ஊரருகே, தோட்டா பற்றாத குடியரசுப் படை சக்கரவர்த்தியின் சேனையைச் சிதறடித்தது.

"ஏன் பாய், ஊர்ப்பேரே பூனை கத்துறாப்ல இருக்கே!" என்றான் கூட்டாளி மலைச்சாமி.

"பூனைதாம்லே அன்னைக்குப் புலியைக் கடிச்சுச்சு. எதிர்ல நின்னதெல்லாம் கூலிப்படை!"

சிரிப்பு வெடித்தது. அடுத்த பக்கத்தில் அவர் கண் ஓடியது. சக்கரவர்த்தியின் சேனையில் பலர் வளைத்துப் பிடித்து இழுத்துவரப்பட்ட அந்த மண்ணின் ஏழைகளாம். இதைப் படித்தால் சூடு ஆறிவிடும். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை முதலாளியின் லாரி வந்தது. மழை பொய்த்த குஜிலியம்பாறைப் பக்கமிருந்து, வேலைநிறுத்தத்தை உடைக்க அள்ளிவந்த ஆட்கள். பசித்தவனைக் கொண்டே பசித்தவனை அடிப்பதில் சக்கரவர்த்திக்கும் முதலாளிக்கும் ஒரே புத்தி.

"கூலிப்படையே, திரும்பிப் போ!" என்று கூட்டாளிகள் கத்தினார்கள்.

மலைச்சாமி எறிந்த கல், பொம்மையன் என்ற மானாவாரிச் சம்சாரியின் கண்ணில் பட்டது. விழுந்தவரை நூர் முகமதுதான் தாங்கினார்.

"வேலை இருக்குன்னுதானப்பு லாரியில ஏத்துனாக. சண்டைன்னு யாரு சொன்னா? கூலிப்படைங்கிறீக... நீங்க கூலிக்கு வரலையா?"

பொம்மையனுக்கு ஒரு கண் போனது. லாரி திரும்பியது; வேலைநிறுத்தம் ஜெயித்தது. "பாய் படிச்ச படிப்புத்தான் ஜெயிச்சுச்சு!" என்று கூட்டாளிகள் கொண்டாடியபோது நூர் முகமது, படிக்காமல் தள்ளிய தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைப் படித்தார். மலைச்சாமி கேட்டான்: "இதை அன்னைக்கே படிச்சிருந்தா நான் கல்லைத் தொட்டிருப்பேனா பாய்?"

"தொட்டிருக்க மாட்டே. அதாம்லே படிக்கல."

சங்கத்தோடு மல்லுக்கட்டி, பொம்மையனுக்கு அதே ஷாப்பில் வேலை வாங்கிக் கொடுத்தார். அன்று இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியதை அவரிடமும் மறைக்கவில்லை. அதன்பின் எதைப் படித்தாலும் அச்சகத்தின் பேர்வரை விடாமல் படித்தார். கேட்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். எழுத்தறியாத பொம்மையன் மட்டும் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே தாள்தான் திரும்புகிறதா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.