தொடை தட்டினால் காய் விழாது

கேரம் ஆட உட்கார்ந்தால் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. என் வீட்டுக்காரருக்கோ பேசாமல் இருக்கவே தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு தாராவியில் கபடி ஆடியவர். களத்தில் இறங்குமுன் யாராவது முதுகில் நாலு அறை விட்டால்தான் அவருக்கு உடம்பு சூடேறுமாம். அதே வைத்தியத்தை எனக்கும் செய்யப் பார்த்தார்.

செம்பூரில் நடந்த பெண்கள் போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்தேன். பதற்றத்தில் காலையிலிருந்தே ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். போதாததற்கு அவர் அரை கிளாஸ் கட்டிங் சாய் இரண்டைக் குடிக்கவைத்து, தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏட்டி, என்ன மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? வெறி வரணும், வெறி!"

"வெறியெல்லாம் வேண்டாம். கை நடுங்காம இருந்தாப் போதும். நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க."

கேட்டால்தானே! ஆட்டம் சரிசமமாகப் போனது. சிவப்புக் காய் குழியின் வாயிலேயே நின்றது. லேசாகத் தொட்டால் விழும். நான் குறி பார்க்கும்போது பின்னாலிருந்து, "மார்! மார்! அடிட்டி, விடாதட்டி!" என்று தன் தொடையைத் தட்டினார். திடுக்கிட்டதில் மெல்லச் சுண்ட வேண்டியதை ஓங்கி அடித்தேன். சிவப்பு விளிம்பில் மோதி நடுவுக்கே திரும்பியது. ஸ்ட்ரைக்கர்தான் குழியில் விழுந்தது. தோற்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "நீ பயந்துட்ட" என்றார்.

"பயந்தேன்தான். யாரால?"



மூன்று மாதம் கழித்து நெருளில் ஒரு போட்டி. வரவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கூடத்தில் அப்படியொரு அமைதி. கை நடுங்கவில்லை, ஆனால் மனசும் அங்கே இல்லை. காய்கறி நறுக்குவதுபோல ஆடி முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன். இடைவேளையில் போன் அடித்தது.

"ஏட்டி, நான் வாசல்லதான் நிக்கேன். உள்ள வரட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ள கால் வச்சீங்கன்னா தெரியும்!" என்று கத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்தக் கோபத்தில் தூக்கம் கலைந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு காயும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தேன்.

அவர் போன் செய்ததால்தான் ஜெயித்தேனாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அடுத்த சுற்றில் நான் தோற்றதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. என்ன எரிச்சல் என்றால், அவர் சொல்வதை முழுப்பொய் என்று தள்ளவும் முடியவில்லை.