மடுவுக்கென்று வாங்கிய ஜீப்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டின் கீழே நின்ற ஜீப்பை ஹியூபேட் மூன்று தரம் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார். கதவைத் திறந்து மூடி, மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். எண்ணெய்க் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து மணந்தார். விற்கிறவர் சிவபாலன் என்று ஒரு எஞ்சினியர், குடும்பத்தோடு மெல்பேர்னுக்குப் போக இருந்தவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்:

"வடிவாத்தான் பாக்கிறீர். உம்மட சேர் வரேல்லையோ?"

"சேர் ஒருத்தரும் இல்ல தம்பி. நான்தான் வாங்க வந்தது."

சிவபாலனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. ஓடிப் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து போட்டார். "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். ஹியூபேட் தேத்தண்ணியைக் குடித்தார், கதிரையில் இருக்கவில்லை. அந்த மனுஷனைக் குறை சொல்லவும் முடியாது. முப்பத்தெட்டு வருஷம் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரின் சாரதியாக இருந்தவர், வாகனத்துக்குப் பக்கத்தில் சாரதி மாதிரித்தானே நிற்பார்? சேர் என்று அவர் கூப்பிட்ட முதலாளிமார் நாலு பேர் வந்து போனார்கள், ஏழு வாகனம் மாறியது. அத்தனையிலும் அவர் இருந்தது ஒரே சீட்டில். பின் சீட்டில் ஒரு நாளும் குந்தியவர் இல்லை.

அவருக்கென்று ஒரு வாகனம் வேண்டும் என்று அவர் ஒருபோதும் கேட்டவரும் இல்லை. கேட்க வைத்தது மேனகாவின் இடுப்பு.

இரண்டு வருஷத்துக்கு முந்தி மேனகா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒப்பரேஷன் நடந்த ஐந்து மணித்தியாலமும் ஹியூபேட் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடியே நின்றார். அப்போதுதான் நேர்ந்தார். 'மாதாவே, இவள் எழும்பி நடந்தால், என் சொந்த வாகனத்தில், என் கையால் ஓட்டி, உன் ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்குக் கூட்டி வருவேன்.' நேர்த்தி என்றால் விளையாட்டில்லை. வாய் சொன்னதை மாதா கேட்டாயிற்று. அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது.

மேனகா எழும்பி நடந்தாள். தடியோடுதான், ஆனாலும் நடந்தாள். த்ரீவீலில் குனிந்து ஏற மட்டும் முடியவில்லை. காரில் இருந்தால் எழும்ப முடியவில்லை. இந்த ஜீப்போ, பக்கத்தில் போய் நின்றால் சீட்டு சரியாக இடுப்புக்கு வந்தது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், அப்படியே இருந்து காலை உள்ளே எடுத்தால் சரி. அதற்குக் கடைக்காரர்கள் ஏதோ மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பேர் சொல்வார்கள். அவர்கள் இருந்த கொட்டாஞ்சேனையில் அது ஜீப்தான். ஹியூபேட்டின் சேமலாப நிதியும் இத்தாலியில் இருக்கிற மகன் அனுப்பியதும் அதற்குள் போயிற்று.

பங்குனி மாதம் வாகனம் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கு வந்தது. பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். மேனகா பிறந்தது இந்து வீட்டில். கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்து நாற்பது வருஷமாகியும் சில காரியங்களை விட்டுக்கொடுக்க மாட்டாள். பாதர் தலை மறைந்ததும் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். "தீர்த்தம் மேலுக்கு, தேசிக்காய் கீழுக்கு" என்றாள். ஹியூபேட் நாலையும் நசுக்கிக்கொண்டு வாகனத்தை எடுத்தார்.

அது ஜப்பானில் ஓடிய வாகனம். திறப்பைப் போட்டுத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. மேனகா பின் சீட்டிலிருந்து, "ஓம் பிள்ளை, ஓம் ஓம்" என்பாள். மருந்து குடித்தீர்களா என்று கேட்கிற மருமகளுக்குச் சொல்கிற மாதிரி.

மேனகா பின்னால் இருந்தது காலை நீட்டுவதற்கு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? பக்கத்து வீட்டு நபீஸ், த்ரீவீல் ஓட்டுகிறவன், முதல் நாளே வாயைத் திறந்துவிட்டான்.

"என்ன அன்ட்டி, நோனா மாதிரி பின்னுக்கு ஈக்கிறீங்க! அங்கிளுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?"

"மூண்டு நேரச் சாப்பாடு. அதுவும் உப்புக் குறைவு" என்றாள் மேனகா.

ஹியூபேட்டும் சிரித்தார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தால் இத்தனை வருஷமாகச் சேர்மாரின் மொட்டைத் தலையும் பேப்பரும் தெரிந்த இடத்தில் இப்போது மேனகா இருந்தாள். அது போதும் அவருக்கு.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான். பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றில் கொடுத்து சீட்டுக்கெல்லாம் பொலித்தீன் போட்டார். "முதல் தூரப் பயணம் மடுவுக்கு. அங்க போய்த்தான் இதைக் கழட்டுறது" என்றார். நீர்கொழும்புக்குக்கூடப் போகவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் ஓடியது. வேனல் காலத்தில் மேனகாவின் முதுகில் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு, எழும்பினால் கிழிகிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

"இஞ்சாருங்கோ, இப்பவே போவம். மாதா ஆவணியில மட்டுமே வீட்டில இருக்கிறா?"

"திருநாளுக்கெண்டுதான் நேந்தது."

"அதுக்கிடையில நான் செத்துப்போனா?"

"நீ சாக மாட்டா. மாதா பொறுப்பு."

அவள் சாகவில்லை. வேறொன்று செத்துக்கொண்டிருந்தது.

ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டை விட்டு விலகினால் வாகனம் 'பீப் பீப்' என்று கத்தும். கொழும்பில் கோட்டுக்குள் ஓடுகிறவன் யார்? முதலில் எல்லாரையும் போல அதுவும் கத்திக்கொண்டே இருந்தது. "ஜப்பான்காரனுக்கு எங்கட ரோட்டு தெரியாது" என்பார் ஹியூபேட். வைகாசிக்குப் பிறகு அது வேறு மாதிரிக் கத்தியது. வெறும் ரோட்டிலும் கத்தியது. எப்போதும் இடப்பக்கத்துக்கே கத்தியது. ஒழுங்கைச் சுவரில் இடது கண்ணாடி உரசியது. சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் வைத்த தண்ணிக் கோப்பையைத் தட்டி விழுத்தினார். ஒரு நாளல்ல, மூன்று நாள்.

மேனகாவுக்குச் சொல்லாமல் கண் கிளினிக்குக்குப் போனார். ஷிஹாரா என்று ஒரு சின்ன டொக்டர். ஹியூபேட்டின் முகத்தை ஒரு மெஷினில் வைத்து, வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னாள். வெகுநேரம் அவர் ஒன்றையும் அமத்தாமல் இருந்தார். வெளிச்சமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள் என்ன வேல செஞ்சீங்க?"

"டிரைவர், மிஸ்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். கண்ணின் நரம்பு காய்ந்து போகிறது என்றாள். போனது வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம், ஒவ்வொரு நாளும் துளி மருந்து விட வேண்டும் என்றாள். கடைசியாக, இனி வாகனம் ஓட்டக் கூடாது என்றாள். "மத்தவங்களையும் யோசிங்க அங்கிள்."

டொக்டர் எழுதிக் கொடுத்த கிளினிக் கார்ட்டை ஹியூபேட் வாங்கி நாலாக மடித்தார். ஜீப்பில் ஏறினார். டாஷ்போர்ட் பெட்டியில் மடு மாதாவின் படத்துக்குப் பின்னால் அதைச் செருகினார். திருநாளுக்கு எட்டுக் கிழமை, இரண்டு மாதம்கூட இல்லை. எட்டே எட்டுக் கிழமை மட்டும் என்று மாதாவிடம் கேட்டார். மற்றவர்களை யோசிக்காமல் இல்லை, யோசித்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்றும் யோசித்தார். பிடிவாதக்காரனுக்கு எந்தக் கணக்கும் அவன் பக்கம்தான் வரும்.

இரண்டு கிழமை போனது. மேனகா பின் சீட்டிலிருந்து கதைக்கத் தொடங்கினாள். முந்தி அவள் வாகனத்தில் செபமாலைதான் சொல்வாள். இப்போது, "இடப்பக்கம் பஸ் வருது" என்றாள். "சைக்கிள் ஒண்டு. பாண் விக்கிற வண்டி நிக்குது. பள்ளிக்கூடப் பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை!"

"எனக்குத் தெரியும். நீ பேசாம இரு."

"நான் சும்மா சொல்லுறன். வாய் அலுப்பாக் கிடக்கு."

அவள் சொல்லச் சொல்ல அவரும் ஓட்டினார். விழுந்து இடுப்பு உடைந்தவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வாகனமும் கத்தியது, அவளும் சொன்னாள், அவரும் இரண்டு பேரையும் ஏசினார். அப்படியே ஆடி மாதமும் முடிய வந்தது.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்க, மெழுகுதிரியும் வழிக்குச் சாமானும் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனார்கள். திரும்புகையில் மேனகாவின் செபமாலை சீட்டுக்குக் கீழே விழுந்தது. அவள் குனிந்தாள். அந்த இடுப்போடு குனிவதற்கும் நிமிர்வதற்கும் நேரமெடுக்கும். அவ்வளவு நேரம்தான்.

டப் என்று ஒரு சத்தம்.

வெங்காய மூட்டை அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு மனுஷன் ரோட்டில் கிடந்தான். இடது கண்ணாடி அவன் தோளில் அடித்து மடங்கியிருந்தது. மூட்டை ஒன்று வெடித்து வெங்காயம் சாக்கடைக் கான் வரைக்கும் உருண்டது. ஹியூபேட் இறங்கி ஓடினார். மூட்டை சுமக்கிற நாட்டாமை வேலை செய்கிற மனுஷன், ஐம்பது வயசிருக்கும். முழங்கை தோல் உரிந்து இரத்தம். எழும்பி நின்றான், கையை மடக்கிப் பார்த்தான், பிறகுதான் கத்தினான்.

"கண்ணு தெரியலியா அய்யே ஒனக்கு? எவ்ளோ நேரமா பக்கத்துலயே வர்றேன்!"

கொழும்பு ரோட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி அது. ஹியூபேட்டிடமும் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள். தமிழில் கேட்டவனுக்குத் தமிழிலும் சிங்களத்தில் கேட்டவனுக்குச் சிங்களத்திலும் பதில் வைத்திருந்தவர்தான். அன்றைக்குக் குந்தியிருந்து வெங்காயம் பொறுக்கினார். இடப்பக்கம் கிடந்ததை விட்டுவிட்டுப் பொறுக்கினார். அந்த மனுஷனே அதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தான். "சரி அய்யா, வுடுங்க. நா பாத்துக்கிறேன்." கைக்கு மருந்து கட்டவும் மூட்டைக்கும் என்று ஹியூபேட் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஹியூபேட் திரும்பி வந்து தன் சீட்டில் இருந்தார். திறப்பைத் தொடவில்லை. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"நான் குனிஞ்சிருக்கக் கூடாது" என்றாள் மேனகா.

"நீ என்ன செய்வா?"

"அந்தக் கார்ட்டை நான் வாசிச்சு ஒரு மாசத்துக்கு மேல. மாதாவின்ர படத்துக்குப் பூ வைக்க எடுத்தனான்."

ஹியூபேட் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஏன் சொல்லயில்ல?"

"நீங்கள் ஏன் சொல்லேல்ல?"

பிறகு அவள்தான் சொன்னாள். "திருநாள் வரைக்கும் இழுப்பம் எண்டுதான் நானும் பாத்தன். பாவம் எனக்கும் இருக்கு."

நபீஸுக்குப் போன் எடுத்தார்கள். அவன் வந்து, கேள்வி ஒன்றும் கேட்காமல், ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான்.

திருநாளுக்கு முந்தின நாள் விடியப் புறப்பட்டார்கள். மேனகாதான் ஏற்பாடு செய்தாள். "நேத்தியைப் பாதியாவது தீர்ப்பம்" என்றாள். ஹியூபேட் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, பழக்கத்தில் முன் வலது கதவைத் திறந்தார். உள்ளே நபீஸ் இருந்தான்.

"அங்கிள்..." என்றான்.

ஹியூபேட் கதவை மெதுவாக மூடினார். மேனகா பின் சீட்டில் நகர்ந்து இடம் விட்டாள். பொலித்தீன் சத்தம் போட்டது. திறப்பைப் போட்டதும் ஜப்பான்காரி எதையோ சொன்னாள். மேனகா பதில் சொல்லவில்லை. அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், பிறகு முன் சீட்டைப் பிடித்தார். புத்தளம் வரைக்கும் வலது கால் தரையை அமத்திக்கொண்டே வந்தது.

"அங்கிள், அங்க பிரேக் இல்ல" என்றான் நபீஸ்.

மேனகா சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

மடுச் சந்தியில் திரும்பியதும் காடு. மரங்களுக்குக் கீழே எல்லாம் கூடாரம், அடுப்புப் புகை, சனம். தேவாலயத்துக்குக் கொஞ்சத் தூரத்தில், வாகனங்கள் நிற்கிற வெளியில் நபீஸ் நிறுத்தினான். திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அங்கிள், அன்ட்டி எல்லாம் சொன்னாங்க. இங்க இருந்து அந்த மரம் வரைக்கும்தானே, நீங்க எடுங்க. நான் பக்கத்துல ஈக்கிறேன். ஒங்கட கையால கொண்டுவந்ததா ஈக்கட்டும்."

ஹியூபேட் அந்த மரத்தைப் பார்த்தார். எழுபத்தைந்து அடி தூரம் இருக்கும். நடுவில் ஒரு தாய் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"சனம் நிக்குது" என்றார். "வேணாம் மகன்."

அதோடு அந்த நேர்த்தி முடிந்தது. தீராமலே முடிந்தது.

மேனகா தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். "வாங்கோ" என்றாள். அவர் வரவில்லை. சேர்மார் உள்ளே போனால் சாரதி வாகனத்தோடு நிற்பான். அவருக்குத் தெரிந்தது அது. "நீ போ. நான் இதைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு நபீஸின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். ஹியூபேட் துணியை எடுத்து வழித்தூசியைத் துடைத்தார். முன் கண்ணாடி, கதவு, மடங்கி நிமிர்த்திய இடது கண்ணாடி. துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

மேனகா வர இரண்டு மணித்தியாலம் ஆனது. கண் துடைத்த முக்காடு நனைந்திருந்தது.

"நீ மாதாவிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"உன்ர பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார், வெளியில வாகனத்தோட நிக்கிறார் எண்டு சொன்னன்."

"கையால ஓட்டினது எண்டு சொன்னியா?"

"பொய் சொல்லேல்ல."

"அதுக்கு மாதா?"

"ஒண்டும் சொல்லேல்ல" என்றாள் மேனகா.

ஹியூபேட் துணியை நாலாக மடித்தார். பின் கதவைத் திறந்து, சேர்மாருக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இருந்து, காலை உள்ளே எடுத்ததும் மூடினார். பிறகு வாகனத்தைத் தடவித் தடவிச் சுற்றி வந்து, மற்றப் பக்கத்தால் தானும் பின்னால் ஏறினார்.